பேசும் இடத்துக்கும் ஒரு சங்கம்: நீலகிரி கூட்டுறவுத் தேயிலைத் தொழிற்சாலை உறுப்பினர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள சங்க உறுப்பினர்களுக்கும் இயக்குநர்களுக்கும்,

வணக்கம். கோத்தகிரிப் பக்கம் படுகர் கிராமமான ஓர் அட்டியில் ஒன்றரை ஏக்கர் தேயிலை வைத்திருப்பவன் நான். என் முகம் உங்களில் பலருக்குத் தெரியாது, பெயர் கைப்பேசியில் கண்ணில் பட்டிருக்கும். இந்த வட்டாரத்துக்கென்று ஓடும் இணையக் குழு ஒன்றின் நான்கு அட்மின்களில் நானும் ஒருவன். 22 ஆயிரம் பேர் இருக்கிறார்கள். காலையில் பசுந்தேயிலை விலை, பத்து மணிக்கு மேல் காணாமல் போன கன்றுக்குட்டி, சாயங்காலம் எந்தத் தெருவில் கரடி இறங்கியிருக்கிறது, ராத்திரி கோவை மருத்துவமனையில் யாருக்கு ரத்தம் வேண்டும். நடுநடுவே மரண அறிவிப்புகள். மழைக்காலம் வந்துவிட்டால் எல்லோருக்கும் ஒரே கேள்விதான்: ரோடு திறந்திருக்கா?

இந்த மடலை எழுத வைத்தது ஒரு நவம்பர் இரவு. டயாலிசிஸுக்காக வாரம் இருமுறை கோவைக்கு இறங்கும் பெரியவர் ஒருவரை, விடியற்காலை மூன்று மணிக்கு வீட்டார் ஜீப்பில் ஏற்றிக் கிளம்பினார்கள். நல்ல மழை. குஞ்சப்பனை அருகே ஒரு வளைவில் மரம் சாய்ந்து பாதையை அடைத்துக் கிடந்தது. திரும்பி மேலே ஏறி, குன்னூர் போய், பர்லியார் வழியாக மேட்டுப்பாளையம் இறங்குவதற்குள் மூன்று மணி நேரம் போய்விட்டது. அந்த மரத்தை நள்ளிரவிலேயே இரண்டு லாரி ஓட்டுநர்கள் பார்த்திருக்கிறார்கள். வழக்கமாக என்றால் படம் எடுத்துக் குழுவில் போட்டிருப்பார்கள். அன்றைக்குப் போட இடமில்லை. குழு பூட்டப்பட்டு ஆறாவது நாள் அது.

பெரியவர் இப்போது நன்றாக இருக்கிறார். அதனால்தான் இவ்வளவு நிதானமாக எழுத முடிகிறது. இப்படிப்பட்ட குழு இயங்கும் தளத்தையே நமக்குச் சொந்தமான ஒரு கூட்டுறவுச் சங்கமாக நாமே நடத்தலாம் என்று உங்களைக் கேட்கத்தான் இந்த மடல்.

பூட்டியது நாங்கள் இல்லை. குழு இயங்கும் தளத்தின் சொந்தக்காரர்கள் பூட்டினார்கள். எந்த நிறுவனம் என்று சொல்லி வம்பு வளர்க்க விருப்பமில்லை. வேறொன்றாக இருந்திருந்தாலும் கதை ஏறக்குறைய இதேதான். காரணம் என்று ஒரு வரி வந்தது: தடைசெய்யப்பட்ட பொருளை விற்பதாகத் தெரிகிறது. நாங்கள் நாலு பேரும் உட்கார்ந்து யோசித்தோம். அந்த வாரம் குழுவில் விற்பனைக்கு வந்தவை ஒரு பழைய ஜீப், இரண்டு ஜெர்சி மாடுகள், கொஞ்சம் கேரட் விதை. அப்புறம்தான் ஒருவருக்கு உறைத்தது: தினமும் காலையில் நாங்கள் போடும் 'இலை கிலோ இவ்வளவு'! எங்கேயோ இருக்கும் இயந்திரத்துக்கு இலை என்றால் வேறு இலை போலிருக்கிறது. இது எங்கள் ஊகம்தான். சரியா தவறா என்று சொல்ல அங்கே ஆள் யாரும் வரவில்லை. படிவம் நிரப்பினோம், இயந்திரம் பதில் போட்டது. மறுபடி நிரப்பினோம், அதே பதில். பதினோராம் நாள் குழு தானாகத் திறந்துகொண்டது. மன்னிப்பும் இல்லை, விளக்கமும் இல்லை.

சட்டத்தைக் கேட்டால் எல்லாம் முறைப்படிதான் நடந்திருக்கிறது. 2021-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி இப்படிப்பட்ட நிறுவனங்கள் குறைதீர்ப்பு அலுவலர் ஒருவரை வைத்திருக்கவேண்டும், புகார் வந்த 24 மணி நேரத்தில் ஒப்புகை தரவேண்டும், அப்போதிருந்த கெடுப்படி 15 நாளில் தீர்க்கவேண்டும். எங்களுடையது பதினோரு நாளில் தீர்ந்துவிட்டது, நாலு நாள் மிச்சம்! ஆனால் நம் மலையில் மழை அந்தக் கணக்குப் பார்த்துப் பெய்வதில்லை. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் 24 மணி நேரத்தில் 82 சென்டிமீட்டர் கொட்டியது. 2009 நவம்பர் மண்சரிவில் நாற்பதுக்கும் மேற்பட்டவர்களைப் பறிகொடுத்தோம். அப்போது நம்மிடம் இந்தக் குழுக்கள் இல்லை. இப்போது இருக்கின்றன, ஆனால் சாவி நம்மிடம் இல்லை.

உங்களுக்கு இதைப் புரியவைக்க நான் ரொம்ப மெனக்கெட வேண்டியதில்லை. இலை ஏஜென்ட் என்றால் என்னவென்று உங்களுக்குத் தெரியும். ரோட்டோரத்திலேயே வண்டியை நிறுத்தி இலையை எடுத்துக்கொள்வார், தூக்கிக்கொண்டு அலைய வேண்டாம். மகள் கல்யாணத்துக்கு முன்பணம் தருவார், வட்டி என்று வாய்விட்டுச் சொல்லமாட்டார். நல்ல மனிதர்தான். என் அப்பாவும் அப்படி ஒருவருக்குப் பல வருஷம் இலை போட்டார். எடையில் எவ்வளவு கழிக்கிறார்கள், ஏன் கழிக்கிறார்கள் என்று ஒரு நாளும் கேட்டதில்லை. முன்பணம் வாங்கியவன் தராசைப் பார்க்கக் கூடாது என்பார். கூட்டுறவுத் தொழிற்சாலையில் உறுப்பினரான பிறகுதான் தராசைப் பார்க்க ஆரம்பித்தார். அந்தப் பங்குச் சான்றிதழைப் பட்டாவோடு சேர்த்து டிரங்குப் பெட்டியில் வைத்திருந்தார். இப்போது என்னிடம் இருக்கிறது.

இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் இடங்கள் அந்த முன்பணம் மாதிரிதான். எவ்வளவு கழிக்கிறார்கள் என்று கொஞ்சம் தராசைப் பார்ப்போம். ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் மூன்றையும் வைத்திருக்கும் மெட்டாவின் 2023-ஆம் ஆண்டு வருவாய் சுமார் 13,490 கோடி டாலர். அதில் நூற்றுக்குத் தொண்ணூற்றேழுக்கும் மேல் விளம்பரத்தில் வந்தது. இன்னும் சுவாரசியமான ஒரு கணக்கை அவர்களே அப்போது வெளியிட்டுக்கொண்டிருந்தார்கள்: ஒரு பயனரை வைத்து எவ்வளவு சம்பாதித்தோம் என்று. அந்த ஆண்டின் கடைசி மூன்று மாதத்தில் ஃபேஸ்புக்குக்கு அமெரிக்கா, கனடாக்காரர் ஒருவரால் 68 டாலருக்கு மேல் கிடைத்தது. ஆசிய-பசிபிக் வட்டாரத்தில் ஒருவரால் கிடைத்தது சுமார் ஐந்தரை டாலர்.

இதில் இரண்டு விஷயம் இருக்கிறது. அந்த ஐந்தரை டாலரை அன்றைய மதிப்பில் ரூபாயாக்கினால் மாதம் 150 ரூபாய் வருகிறது. ஜப்பானும் ஆஸ்திரேலியாவும் சேர்ந்த சராசரி அது. கோத்தகிரிக்காரனின் பங்கு இன்னும் குறைவாகத்தான் இருக்கும், பாதி என்றே வைத்துக்கொள்ளுங்களேன். இலவசம் என்று நாம் நினைக்கும் இடத்துக்கு நம் தலைக்கு அவ்வளவு விலை யாரோ கொடுக்கிறார்கள், அதை நாம் வாங்கும் சோப்பிலும் செருப்பிலும் வசூலித்துக்கொள்கிறார்கள். இரண்டாவது விஷயம்தான் எனக்கு உறைத்தது. 68 டாலர் தருபவர் புகார் சொன்னால் எடுத்துப் பேச ஆள் இருக்கலாம். ஐந்தரை டாலர்க்காரன், அதுவும் தமிழில், படுகு மொழியில் பேசுகிறவன் புகார் சொன்னால் இயந்திரம் பேசும். அவர்கள் கெட்டவர்கள் என்று நான் சொல்லவரவில்லை. அவர்களுக்குக் காசு கொடுப்பவர் விளம்பரதாரர், பதில் சொல்லவேண்டியது பங்குதாரருக்கு. நமக்கு அந்தக் கணக்கில் இடமே இல்லை.

இப்படிக் கூட்டம் சேர்ந்த இடங்கள் கைமாறுவதும் இடிபடுவதும் புதிதில்லை. இணையத்தில் தமிழ் எழுத ஆரம்பித்த தலைமுறைக்கு யாகூ குழுமங்கள் நினைவிருக்கும். மரத்தடி, ராயர் காபி கிளப் என்று எத்தனை இரவு கண் விழித்துப் படித்திருப்போம். 2019 டிசம்பரில் யாகூ பழைய மடல்களை அழிக்க ஆரம்பித்தது, 2020 டிசம்பரில் கடையையே சாத்தியது. ஆர்க்குட் அதற்கு முன்பே, 2014-இல் போய்விட்டது. ட்விட்டரை அதைப் பயன்படுத்துகிறவர்களே சொந்தமாக்கிக்கொள்ள வழி இருக்கிறதா என்று ஆராயச் சொல்லி 2017-இல் அதன் பங்குதாரர் கூட்டத்தில் ஒரு தீர்மானம் வந்தது. ஏறத்தாழ 5 விழுக்காடு வாக்கு கிடைத்தது. ஐந்து வருஷம் கழித்து ஒரே மனிதர் 4,400 கோடி டாலர் கொடுத்து அதை வாங்கிக்கொண்டார். அப்புறம் நடந்தவை உங்களுக்கே தெரியும்.

ரெடிட் என்ற இணைய விவாதத் தளத்தின் கதை என்னை மாதிரி அட்மின்களுக்கு இன்னும் நெருக்கமானது. அங்கே ஆயிரக்கணக்கான குழுக்களைச் சம்பளமில்லாத ஆட்கள்தான் பார்த்துக்கொள்கிறார்கள். 2023-இல் ரெடிட்டைப் படிக்க வெளியார் செய்திருந்த செயலிகளுக்கு, அவர்களால் கட்ட முடியாத அளவுக்கு நிறுவனம் கட்டணத்தை வைத்தது. அந்த ஜூனில் ஆயிரக்கணக்கான குழுக்கள் கதவடைப்புச் செய்தன. நிறுவனம் அசையவில்லை. அடுத்த மார்ச்சில் பங்குச் சந்தைக்கு வந்தபோது, இத்தனை வருஷம் உழைத்த சிலருக்கு ஒரு சலுகை தந்தார்கள்: மற்றவர்களுக்கு விற்கும் அதே 34 டாலர் விலைக்கு நீங்களும் பங்கு வாங்கிக்கொள்ளலாம்! இருபது வருஷம் இலை போட்டவரிடம் போய், காசு கொண்டுவந்தால் உங்களுக்கும் பங்கு தருகிறோம் என்று சொன்ன மாதிரி.

சரி, இவ்வளவு பெரிய விஷயத்தை நாம் நடத்த முடியுமா, செலவு தாங்குமா என்று கேட்பீர்கள். எனக்கும் அந்தப் பயம் இருந்தது. ஒரு செய்தி அதைப் போக்கியது. 2014-இல் வாட்ஸ்அப்பை 1,900 கோடி டாலருக்கு விலை பேசியபோது அதில் 45 கோடிப் பேர் இருந்தார்கள். ஊழியர்கள் 55 பேர் போல. வருஷத்துக்கு ஒரு டாலர் சந்தா என்ற ஏற்பாடுகூட அப்போது இருந்தது. 2016 ஜனவரியில் எடுத்துவிட்டார்கள். ஆக, செய்தியை இங்கிருந்து அங்கே கொண்டுபோகும் வேலை மலிவானது. 1,900 கோடி கொடுத்தது அங்கே கூடியிருந்த ஜனங்களுக்காக.

நம் கணக்கைப் போடுகிறேன். 22 ஆயிரம் பேரில் ஏழில் ஒருவர்கூட வேண்டாம், 3 ஆயிரம் பேர் மாதம் 10 ரூபாய் தந்தால் வருஷத்துக்கு 3 லட்சத்து 60 ஆயிரம். பத்து ரூபாய் பஸ் ஸ்டாண்ட் டீக்கடையில் ஒரு டீக்குப் போதாது. நல்ல சர்வர் ஒன்றை வாடகைக்கு எடுத்து, தினமும் பிரதி எடுத்துவைக்க மாதம் 3 ஆயிரம், வருஷம் 36 ஆயிரம். தொழில்நுட்பம் பார்க்கும் பையனுக்கோ பெண்ணுக்கோ பகுதிநேரமாக மாதம் 8 ஆயிரம், வருஷம் 96 ஆயிரம். பதிவுகளைக் கவனிக்க இரண்டு பேருக்கு மாதம் ஆளுக்கு 6 ஆயிரம், வருஷம் 1 லட்சத்து 44 ஆயிரம். தணிக்கை, கூட்டம், தபால் செலவுக்கு 30 ஆயிரம். மீதி 54 ஆயிரத்தைத் தொடாமல் வைக்கலாம். மென்பொருளுக்குக் காசு வேண்டாம்: டிஸ்கோர்ஸ், மாஸ்டடான் என்று யார் வேண்டுமானாலும் எடுத்து நிறுவிக்கொள்ளும் கட்டற்ற மென்பொருள்கள் வருஷக்கணக்காக ஓடிக்கொண்டிருக்கின்றன. மாதம் 8 ஆயிரத்துக்கு ஆள் கிடைக்குமா என்று என் தங்கை மகன் சிரித்தான். ஊருக்குத் திரும்பி வந்து வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் பிள்ளைகள் நம் அட்டிகளில் இப்போது நிறைய இருக்கிறார்கள், அவனையும் சேர்த்து. கேட்டுப் பார்ப்போம்.

இப்படி நடக்கும் இடங்கள் உலகத்தில் உண்டா? உண்டு. சோஷியல்.கூப் என்று ஒரு சமூகத் தளம் 2017-இலிருந்து கூட்டுறவாகவே நடக்கிறது. மாதம் ஒரு பவுண்டிலிருந்து வசதிக்கேற்றபடி தருகிறார்கள், விதிகளை ஓட்டுப்போட்டு முடிவு செய்கிறார்கள். அமெரிக்காவில் வெர்மான்ட் என்று ஒரு மலை மாநிலம். ஜனத்தொகை 2020 கணக்கெடுப்பில் ஆறரை லட்சத்துக்கும் குறைவு. நம் நீலகிரி 2011-இலேயே 7 லட்சத்து 35 ஆயிரம். அங்கே 2006-இல் தொடங்கிய ஃபிரண்ட் போர்ச் ஃபோரம் என்ற அக்கம்பக்கத் தளத்தில் 2 லட்சம் பேருக்கு மேல் இருக்கிறார்கள். காணாமல் போன பூனை, விற்பனைக்கு வைக்கோல், பள்ளிக்கூடக் கூட்டம். பதிவுகளை ஆட்கள் படித்துப் பார்த்துத்தான் விடுகிறார்கள். உள்ளூர்க் கடைகளின் விளம்பரமும் உறுப்பினர்கள் தரும் நன்கொடையும்தான் பெரும்பாலும் வருமானம். ஆனால் அது கூட்டுறவு கிடையாது, பொதுநலத்தையும் பார்ப்பேன் என்று சட்டப்படி எழுதிக்கொடுத்த தனியார் நிறுவனம். இன்றைய உரிமையாளர் நல்லவர். நாளைக்கு? அந்தக் கேள்விதான் எனக்கு இடிக்கிறது.

நன்கொடையிலேயே நடத்தலாமே, விக்கிப்பீடியா நடக்கவில்லையா என்று சிலர் சொன்னார்கள். நடக்கிறது. தமிழ் விக்கிப்பீடியா 2003-இல் தொடங்கி ஒன்றரை லட்சம் கட்டுரைகளைத் தாண்டிவிட்டது. ஆனால் அதற்கு உலகம் முழுக்கக் கொடையாளர்கள் இருக்கிறார்கள். கரிக்கையூர் பக்கம் கரடி வந்ததைச் சொல்லும் தளத்துக்குக் கலிபோர்னியாக்காரர் ஏன் காசு தரப்போகிறார்?

இங்கேதான் நீங்கள் வருகிறீர்கள். கூட்டுறவு நம் மலைக்கு வெளியிலிருந்து வந்த சரக்கு கிடையாது. 1895-லும் 1897-லும் இரண்டு பெரிய தொகுதிகளாகக் கிராமக் கடன் பற்றி அறிக்கை எழுதி, 'ரைஃபைசனைக் கண்டுபிடியுங்கள்' என்று முடித்தவர் பிரெடெரிக் நிக்கல்சன். ஜெர்மனியில் ஏழை விவசாயிகளைக் கடன் சங்கங்களாகச் சேர்த்த ஊர்த்தலைவர் அந்த ரைஃபைசன். 1904-இல் இந்தியாவின் முதல் கூட்டுறவுச் சட்டம் வந்ததற்கு அந்த அறிக்கை ஒரு காரணம். அந்த நிக்கல்சன் ஓய்வுக்குப் பிறகு வாழ்ந்தது நம் குன்னூரில்தான். 1935-இல் ராவ் பகதூர் ஆரி கவுடர் போன்றவர்கள் முன்னின்று நீலகிரி கூட்டுறவு விற்பனைச் சங்கத்தை உருவாக்கினார்கள். கிழங்குக்கு விலை சொல்லும் உரிமை மண்டிக்காரரிடமிருந்து கொஞ்சமாவது விவசாயி கைக்கு வந்தது. அப்புறம் தேயிலை. 1960-களில் தொடங்கி இன்று 16 கூட்டுறவுத் தொழிற்சாலைகள், அவற்றுக்கு மேலே அவற்றின் கூட்டமைப்பான இன்ட்கோசர்வ், சுமார் 30 ஆயிரம் உறுப்பினர்கள். பேரவை கூட்டுவது, தீர்மானம் எழுதுவது, பங்குத் தொகை வசூலிப்பது, ரசீது கிழிப்பது, தணிக்கைக்குப் பதில் சொல்வது எல்லாம் கற்றுக்கொண்ட ஜனம் நாம். மென்பொருள் தெரிந்த ஊர்களில் இல்லாதது இதுதான்.

சங்கம் என்றதும் முகம் சுளிப்பவர்களும் உங்களுக்குள்ளேயே இருக்கிறார்கள் என்று தெரியும். சுளிக்கக் காரணமும் இருக்கிறது. தேர்தல் தள்ளித் தள்ளிப் போய் அரசு அனுப்பும் தனி அலுவலர் வந்து உட்காருவது, உறுப்பினர் பட்டியலில் செத்தவர்கள் இருப்பது, கட்சிக்காரர்கள் பட்டியல் போட்டு வருவது, இலைப் பணம் நாள் கடந்து வருவது. இதையெல்லாம் மறைத்துவிட்டுக் கூட்டுறவு வாழ்க என்று கோஷம் போட நான் தயாரில்லை. ஆனால் இந்தக் கோளாறுகளை உள்ளேயிருந்து பார்த்தவர்களுக்குத்தான் அடுத்த சங்கத்துக்கு எங்கே பூட்டுப் போடவேண்டும் என்று தெரியும்.

எனக்குத் தோன்றியவற்றைச் சொல்கிறேன். ஒருவர் 100 ரூபாய் பங்கு போடலாம், பத்தாயிரமும் போடலாம், ஓட்டு ஒன்றுதான். வருஷச் சந்தா கட்டியவர் பெயர் மட்டும் வாக்காளர் பட்டியலில் இருக்கும், அதனால் செத்தவர் ஓட்டுப்போட முடியாது. தேர்தல் தேதி விதியிலேயே எழுதப்பட்டிருக்கும். வரவு செலவை மாதாமாதம் எல்லோரும் பார்க்கும்படி தளத்திலேயே போடவேண்டும். தளத்தை யாருக்கும் விற்கக் கூடாது. சங்கம் கலைந்தால் இதே நோக்கமுள்ள இன்னொரு பொது அமைப்புக்குத்தான் போகவேண்டும். உறுப்பினர் யாரும் தன் பதிவுகளையும் படங்களையும் எப்போது வேண்டுமானாலும் மூட்டை கட்டி எடுத்துக்கொண்டு போகலாம். பதிவை நீக்கினால் தமிழில் காரணம் சொல்லவேண்டும். மேல்முறையீடு செய்தால் ஒரே நாளில் தீர்ப்பு வரவேண்டும். அதை அட்மின்களிடம் விடக்கூடாது, என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். உறுப்பினர்களிலிருந்து சீட்டுக் குலுக்கி மூன்று பேரை எடுத்து, மாதம் ஒருமுறை மாற்றிக்கொள்ளலாம்.

சீட்டுக் குலுக்குவது நமக்குப் புதிதா என்ன? உத்திரமேரூரில் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டு பத்தாம் நூற்றாண்டிலேயே குடவோலைக்கு விதி சொல்கிறது. வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவர் மறுபடி நிற்க முடியாது, அவர் உறவினரும் நிற்க முடியாது. அருமையான விதி, அப்படியே எடுத்துக்கொள்ளலாம். கால் வேலிக்கு மேல் நிலம் இருக்கவேண்டும் என்பதை மட்டும் அங்கேயே விட்டுவிடுவோம்.

ஏனென்றால் உங்களிடம் ஒரு கசப்பான விஷயத்தையும் பேசவேண்டியிருக்கிறது. தேயிலைச் சங்கத்தில் உறுப்பினராக இலை வேண்டும், இலைக்கு நிலம் வேண்டும். அது தொழிற்சாலைக்குச் சரி. பேசும் இடத்துக்குச் சரிப்படாது. 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்து, அரசுத் தேயிலைத் தோட்டக் கழகமான டான்டீயிலும் தனியார் எஸ்டேட்டிலும் பறித்தே முதுகு வளைந்தவர்கள் இருக்கிறார்கள். தோடர், கோத்தர், இருளர், குறும்பர், கூடலூர்ப் பக்கம் பணியர், காட்டுநாயக்கர் இருக்கிறார்கள். யானை முதலில் வருவது அவர்கள் வாசலுக்குத்தான். எங்கள் குழுவில் இன்றைக்கும் அவர்கள் எழுதுவது குறைவு; எழுதினால் கிண்டல் செய்தவர்களும் உண்டு, நான் சில சமயம் பார்த்தும் பார்க்காமல் இருந்திருக்கிறேன். கோத்தகிரியில் 2013-இல் தொடங்கிய ஆதிமலை பழங்குடியினர் உற்பத்தியாளர் நிறுவனத்தில் தேனும் மிளகும் கொண்டுவருபவர்களே பங்குதாரர்கள். சங்கம் நடத்த நம்மிடம்தான் அவர்கள் கற்கவேண்டும் என்று யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம்.

பத்து ரூபாய் தர முடியாதவர் மாதத்தில் ஒரு நாள் பதிவுகளைப் பார்த்துத் தரட்டும், அதுவே சந்தா. சாலை, மழை, விலங்கு, ரத்தம் இந்த நாலும் உறுப்பினர் ஆகாதவருக்கும் திறந்திருக்கவேண்டும். சந்தா கட்டுவது ஓட்டுக்காக, படிப்பதற்காக இல்லை.

விளம்பரமே கூடாதா என்றால், வரட்டும். நர்சரிக்காரர், ஹோம்ஸ்டே வைத்திருப்பவர், ஜீப் வாடகைக்கு விடுபவர் எல்லோரும் நம் ஆட்கள்தான். சமுதாய வானொலிக்கு 2006-இல் வந்த விதியைப் பாருங்கள்: லாப நோக்கமில்லாத அமைப்புகள்தான் நடத்தலாம், மணிக்கு 5 நிமிடம் விளம்பரம் போடலாம். பிற்பாடு அந்த நேரத்தைக் கூட்டினார்கள். நம் ஊரிலேயே ரேடியோ கோத்தகிரி அந்த ஏற்பாட்டில்தான் வந்தது. அப்படி ஓர் அளவை நாமும் வைத்துக்கொள்ளலாம். யார் எதைப் படித்தார்கள் என்று வேவு பார்த்து விற்கும் விளம்பரம் மட்டும் வேண்டாம். 2023-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி உறுப்பினர்களின் விவரத்துக்கு நாம்தான் பொறுப்பு, கூடுதலாக வாங்கி வைக்காமல் இருப்பதே தலைவலி குறைவு.

அரசு மானியம் பற்றி நண்பர்களுக்குள் பெரிய சண்டையே நடந்தது. என் கட்சி: வேண்டாம். மாவட்ட நிர்வாகம் எச்சரிக்கைகளை அங்கே போடட்டும், சந்தோஷம். மானியம் வாங்கினால், பசுந்தேயிலைக்குக் கட்டுப்படியாகும் விலை கேட்டு உண்ணாவிரதம் உட்காரும் நாளில் அந்தச் செய்தியைப் போடுவதா வேண்டாமா என்று நமக்கே கை நடுங்கும். மலையில் அப்படிப்பட்ட நாட்கள் அடிக்கடி வருகின்றன.

எல்லோரும் இப்போது இருக்கும் இடத்தை விட்டு ஒரே நாளில் வரமாட்டார்கள், அதுவும் தெரியும். இரண்டு வருஷம் இரண்டு இடத்திலும் ஓடட்டும். இங்கே எழுதியது அங்கேயும் போகும்படி செய்யலாம். 2018-இல் பொதுத் தரமாக வந்த ஆக்டிவிட்டிபப் என்ற ஏற்பாட்டில், தனித்தனிச் சொந்தக்காரர்களின் தளங்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும். நாளைக்குக் கூடலூர்க்காரர்கள் தனியாக ஒன்று வைக்கலாம், கொடைக்கானல் மேல்மலையில் பூண்டு போடுகிறவர்கள் ஒன்று வைக்கலாம். மலையெல்லாம் ஒரே சங்கத்துக்குக் கீழே வரவேண்டியதில்லை.

உங்களிடம் காசு கேட்டு எழுதவில்லை. தொழிற்சாலைகளின் நிலைமை எனக்கும் தெரியும். அடுத்த பேரவைக் கூட்டத்தில் இதை ஒரு பொருளாக வைத்து அரை மணி நேரம் பேசுங்கள். இலை நிறுக்கும் இடத்தில் இரண்டு நாள் ஒரு மேசை போட்டு உறுப்பினர் சேர்க்க அனுமதி கொடுங்கள். முப்பது வருஷம் தீர்மானப் புத்தகம் எழுதிக் கை தேய்ந்த செயலாளர்கள், ஓய்வுபெற்றவர்கள் இரண்டு பேரையாவது துணைவிதி எழுத அனுப்புங்கள். எங்கள் பிள்ளைகளுக்கு சர்வர் வைக்கத் தெரிகிறது. அஞ்சு வருஷம் கழித்து யாரும் யாரையும் ஏமாற்றாதபடி ஒரு விதியை எழுத அவர்களுக்குத் தெரியவில்லை. முதலில் ஏழு பேர் சேர்ந்து சங்கப் பதிவுச் சட்டத்தில் பதிந்துகொள்ளலாம் என்று ஒரு யோசனை, நேரே கூட்டுறவாகவே பதியலாம் என்று இன்னொரு யோசனை. எது நல்லது என்பதையும் நீங்கள்தான் சொல்லவேண்டும்.

வடகிழக்குப் பருவமழைக்கு முன்பாக இது நடந்தால் நல்லது.

பொறுமை இல்லாமல் ரசீதுப் புத்தகம் ஒன்றை அச்சடித்துவிட்டேன். சங்கத்துக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை, அதனால் மேலே ஒரு கோடு மட்டும் இருக்கிறது. நேற்று ராத்திரி முதல் ரசீதை என் பெயருக்குக் கிழித்து, 120 ரூபாயைப் பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு வைத்தேன். பார்த்துக்கொண்டிருந்த மனைவி இன்னொரு 120 ரூபாயை எடுத்து நீட்டினாள். வீட்டுக்கு ஒன்று போதாதா என்றேன். "ஓட்டு ஆளுக்கு ஒண்ணுதானே? என் ஓட்டை நீங்களா போடுவீங்க?" என்றாள். இரண்டாவது ரசீது அவள் பெயரில் இருக்கிறது. பாட்டிலின் சாவி, அதாவது மூடி, அவளிடம்.

இப்படிக்கு,
கோத்தகிரிப் பக்கத்து ஒன்றரை ஏக்கர் தேயிலைக்காரன்